இடது கைச் சுண்டுவிரல்

"டொக்!"

பக்கத்து அறையில் எதுவோ மரச்சட்டத்தில் மோதிய சத்தம். தலைக்கு மேலே ஓங்கிய மூங்கில் வாளை மினெகோ அப்படியே நிறுத்தினாள். அது நாற்பத்திரண்டாவது வீச்சு. மூச்சு இரைத்தது. வீட்டில் அவளையும் அவள் கணவரையும் தவிர வேறு யாரும் இல்லை. அந்தக் கணவரோ மூன்று வாரமாக ‘ம்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வாய் திறந்ததில்லை.

"டொக்! டொக்!"

அதன் பிறகு குரல் வந்தது. நாக்குக் குழறினாலும் கோபம் குழறவில்லை.

"வலது கை! வலது கை! என்ன... என்ன பண்றே அங்க? வாள் வீசுறியா, சூப்பு கிண்டுறியா?"

மினெகோ வாளைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏய்! காதுல விழுதா?"

"விழுதுங்க."

"அந்தச் சத்தத்தைக் கேட்டாப் பல்லு கூசுது. நிறுத்து."

"நிறுத்த மாட்டேன். நாளைக்கும் இதே நேரம் உண்டு."

மினெகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளோடு எழுந்து நாற்பத்து மூன்றாவது முறை வீசினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ‘டொக்’ என்றது. அந்தச் சத்தம் அன்று அவள் காதுக்குத் தேனாக இனித்தது.

எங்கள் யமகா ஊரில் கவாகுபோ இசாவோவைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தோரு வருடம் குமாமோட்டோ போகும் பஸ்ஸை ஓட்டியவர். ஓடி வருகிற பயணிக்காக ஒரு நிமிடம் நிறுத்துவார். நிறுத்திவிட்டுத் திட்டவும் செய்வார். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் கெண்டோ என்னும் மூங்கில் வாள் பயிற்சி நடக்கும் கூடத்தில்தான் இருப்பார். அதில் ஐந்தாம் படி வரை ஏறியவர். அந்த மனிதர் போன மே மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே கீழே சாய்ந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு குழறியது.

ஆகஸ்டில் வீட்டுக்கு அழைத்து வந்தபோது மருத்துவர் மினெகோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"முதல் ஒரு வருஷம்தான் முக்கியம். கையையும் காலையும் வேலை வாங்கினா நிறையத் திரும்பி வரும். படுத்தே கிடந்தா, எப்படிக் கிடக்கோ அப்படியே தங்கிடும்."

ஆனால் இசாவோ படுத்தார். வடக்கு அறையில், சுவரைப் பார்த்து. பிசியோதெரபிக்குப் போக மறுத்தார். கூடத்து நண்பர்கள் மோச்சி என்னும் அரிசிப் பலகாரம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது, "நான் இல்லேன்னு சொல்லு" என்று உள்ளிருந்து கத்தினார். வாசலில் நின்றவர்களுக்கு அது நன்றாகவே கேட்டது. அவர்களில் ஒருவர் மோச்சிப் பொட்டலத்தை மினெகோவிடம் நீட்டி, "இல்லாத மனுஷன்கிட்ட, நாங்க வந்துட்டுப் போனோம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக் கண் கலங்கத் திரும்பினார். அதன் பிறகு யாரும் வரவில்லை.

ஒரு வருடத்தில் பாதி கரைந்துகொண்டிருந்தது. மினெகோவுக்கு வேறு கவலையே இல்லை. இந்த மனிதரை அந்த அறையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் கெஞ்சினாள், கோபப்பட்டாள். ஃபுகுவோகாவில் இருக்கும் மகளைப் போனில் அழ வைத்தும் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் இசாவோ அந்த வருடத்தின் மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "என் கெண்டோ சாமான் எல்லாத்தையும் கூடத்துல கொடுத்துட்டு வந்துடு, இனி என் கண்ணுல படக் கூடாது."

மினெகோ எடுத்துக்கொண்டு போனாள். முகக்கவசம், மார்புக்கவசம், கையுறை, நான்கு மூங்கில் வாள். ஐம்பத்திரண்டு வயதில், நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரத்தில், அந்த மூட்டையைத் தோளில் சுமந்து நகராட்சி விளையாட்டுக் கூடத்தின் படியேறியபோது அவளுக்குக் கணவரின் அஸ்தியைச் சுமப்பது போல இருந்தது. உயிரோடு இருக்கிறவரின் அஸ்தி!

அங்கே புதியவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தவள் நகாதோமி அயுமி; எல்லாருக்கும் ‘சென்செய்’, அதாவது ஆசிரியை. பகலில் தபால் நிலையக் கவுன்டரில் முத்திரை குத்துகிறவள். மாலையில் அதே கையால் வாள் பிடிக்கிறவள். வயது முப்பத்துமூன்று. மூட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதை நான் வாங்கிக்க மாட்டேன், மினெகோ-சான். இசாவோ-சான் நேர்ல வந்து கொடுக்கட்டும்."

"அவர் வர மாட்டார், சென்செய்."

"அப்ப நீங்க வாங்க."

"நானா? இந்த வயசுலயா?"

"அதோ நிக்கிறாரே பல் டாக்டர், அறுபத்தஞ்சு. போன வருஷம்தான் சேர்ந்தார். குனிஞ்சு குனிஞ்சு வளைஞ்ச முதுகு இப்பதான் நிமிர்ந்திருக்கு."

சொல்லிக்கொண்டே ஒரு வாளை அவள் கையில் திணித்தாள். மினெகோ யோசிக்காமல் பிடித்தாள். அவ்வளவுதான், கூடமே சிரித்துவிட்டது.

அவர்கள் மேல் தப்பில்லை. மினெகோ பிறந்தது மலையடிவாரத் தேயிலைக்காரர் வீட்டில் மூன்றாவது பெண்ணாக. இருபத்துநான்கு வயதில் இசாவோவுக்கு வாழ்க்கைப்பட்டு ஊருக்குள் வந்தாள். மகள் தவழ ஆரம்பித்தபோது பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கிற சமையற்கூடத்தில் சேர்ந்தாள். அன்றிலிருந்து இருபத்தாறு வருடம், எண்ணூறு பிள்ளைகளுக்கான சூப்பைத் தன் உயரத்துக்கு இருக்கும் மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டிருக்கிறாள். வலது கை மேலே, இறுக்கமாக. இடது கை சும்மா துணைக்கு. கால்கள் வாத்து மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும், குதிகால் தரையில் பதிந்திருக்கும். மூங்கில் வாளையும் அவள் அப்படித்தான் பிடித்தாள்.

"மினெகோ-சான், அடிப்பிடிக்காமக் கிண்டுங்க!" என்றார் பல் டாக்டர்.

"நீங்க சிரிங்க. என் சூப்பைக் குடிச்ச பிள்ளைங்க பல்லு உங்ககிட்ட வராது, தெரியுமா?" என்று மினெகோ திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் கவனித்தாள், தானும் சிரித்துக்கொண்டிருப்பதை. மே மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. இந்தக் கூடத்தில் ஏதோ இருக்கிறது, இதை விட்டுவிட்டா அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று நினைத்தாள். மூட்டையைத் திருப்பிச் சுமந்து வந்து சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

அயுமி முதல் மூன்று வகுப்பில் வீசவே விடவில்லை. பிடியும் நிலையும் மட்டும்தான்.

"வாளோட அடிமுனையை இடது கைச் சுண்டுவிரல் பிடிக்கணும். சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுக்கம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா ஒட்டிட்டு இருந்தாப் போதும்."

"என் சுண்டுவிரல் காபி குடிக்கிறப்போ தூக்கி வச்சுக்கத்தான் லாயக்கு, சென்செய்."

"அதுக்கும் வேலை கொடுங்க. பாத்திரம் துடைக்கிற துணியை எப்படிப் பிழிவீங்க? ரெண்டு கையையும் உள்பக்கமா முறுக்கி... ஆங், அதேதான்! இடது முஷ்டி தொப்புளுக்கு முன்னால, ஒரு முஷ்டி தள்ளி. தூக்குறதும் வெட்டுறதும் இடது கை. வலது கை சும்மா வழி காட்டினாப் போதும். அட, வலது கை! வழி காட்டச் சொன்னா வண்டியையே இழுக்குதே!"

"அது இருபத்தாறு வருஷப் பழக்கம்."

"காலைப் பாருங்க. வலது கால் முன்னால, இடது கால் பின்னால, ரெண்டு பாதமும் நேரா. இடது குதிகாலுக்கு அடியில ஒரு காகிதம் நுழையுற அளவு தூக்கணும்."

"எங்க சமையற்கூடத் தரை எப்பவும் ஈரம், சென்செய். குதிகாலைத் தூக்கினா சூப்புக்குள்ளதான் விழணும்."

"இங்க சூப்பு இல்ல. தூக்குங்க."

சமையற்கூடத்திலிருந்து மூன்றரை மணிக்கு வீடு திரும்பியதும், வடக்கு அறையை ஒட்டிய பலகைத்தரை அறையில் மினெகோ தனியாக வீசிப் பழகினாள். பழைய வீடு, உத்தரம் உயரம், இவளும் குள்ளம். அதனால் வாள் எங்கும் இடிக்கவில்லை. கெண்டோ தெரிந்தவர்களுக்கு வீச்சைப் பார்க்க வேண்டியதில்லை. காதே போதும். இடது கையால் வீசினால் வாள் ‘ஹ்யுத்’ என்று காற்றைக் கீறும். வலது கையால் வீசினால் பாய் தட்டுவது போல ‘புஸ்’ என்று வரும். அந்த நவம்பர் மாலையில் நாற்பத்திரண்டு ‘புஸ்’ கேட்டுப் பொறுக்க மாட்டாமல்தான் இசாவோ தன் ஊன்றுகோலை எடுத்து மரச்சட்டத்தில் அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டில் ஒரே கூச்சல்.

"வலது கை!"

"தெரியுது!"

"தெரிஞ்சா ஏன் வருது? அயுமிப் பொண்ணு என்னத்தைச் சொல்லிக்கொடுக்குறா?"

"அவங்க நல்லாத்தான் சொல்றாங்க. என் கைதான் கேக்கல."

"உன் கை என்னிக்குக் கேட்டிருக்கு?"

கத்தக் கத்த நாக்கின் குழறல் குறைந்தது. இரண்டாவது வாரம் கதவு ஒரு சாண் திறந்தது. மூன்றாவது வாரம் அதன் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. டிசம்பர் நடுவில் ஒரு நாள், மினெகோவின் விரிந்த பாதங்களைப் பார்த்துச் சகிக்காமல், இசாவோ தூணைப் பிடித்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து வந்தார். ஊன்றுகோல் நுனியால் அவள் குதிகாலைத் தட்டினார்.

"இது பாதமா, இஸ்திரிப் பெட்டியா? தூக்கு."

மினெகோ தூக்கினாள். அவள் கண்ணீர் பலகையில் சொட்டியது.

"எதுக்கு அழுறே? வலிக்கிற மாதிரியா தட்டினேன்?"

"ஆமா, வலிக்குது" என்றாள். வேறு என்ன சொல்வாள்? மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் தானாக எழுந்து நடந்த முதல் ஆறு அடி அது என்று சொன்னால் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். இரக்கம் என்றாலே அவருக்கு ஆகாது.

ஜனவரி மூன்றாம் வாரம் கூடத்தில் அது நடந்தது. எப்போதும் போல மினெகோ வாளைத் தூக்கினாள். சுண்டுவிரல் தானாக இறுகியது, வலது கை தானாகத் தளர்ந்தது. ‘ஹ்யுத்!’ அயுமி திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை!" என்றாள். ‘ஹ்யுத்!’ பல் டாக்டர் கைதட்டப் போனார். கூடத்தில் கைதட்டக் கூடாது என்று அயுமி முறைத்தாள். முறைத்த அவள் கண்ணிலும் ஈரம் இருந்தது.

மினெகோ பறந்து வந்தாள் வீட்டுக்கு. மறுநாள் நாலு மணிக்குப் பலகைத்தரையில் நின்றாள். அவரிடம் காட்ட வேண்டும், ஒரு பாராட்டுச் சொல் வாங்க வேண்டும். முப்பது வீச்சு. முப்பதும் ‘ஹ்யுத்’.

பக்கத்து அறையில் சத்தமில்லை.

ஐம்பது வீசினாள். நூறு வீசினாள். ஊன்றுகோல் தட்டவில்லை. கதவு திறக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். இசாவோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என்னங்க... கேட்டீங்களா?"

"ம்."

"சரியா இருந்துச்சா?"

"ம். இனி நான் எதுக்கு?"

அந்த மூன்று சொற்கள் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கின. எண்ணூறு பிள்ளைகளுக்குச் சமைத்து ஒரு நாளும் உப்புத் தப்பாதவள், இங்கே அளவு தப்பிவிட்டேனே என்று துடித்தாள். சீக்கிரம் கற்றுக்கொண்டதல்லவா குற்றமாகிவிட்டது!

மறுநாள் நாலு மணி. மினெகோ வாளை எடுத்தாள். வலது கையை இறுக்கினாள், பாதங்களை வாத்து மாதிரி விரித்தாள், குதிகாலைப் பதித்தாள்.

‘புஸ்.’

"டொக்!"

"என்ன இது? நேத்து நல்லா இருந்துச்சே!"

"ஒரு நாள் வந்துச்சு, போயிடுச்சுங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"இரு, வர்றேன்."

அவர் எழுந்து வரும் சத்தம் கேட்டது. மினெகோ கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் அந்த இழுத்து இழுத்து வரும் காலடிச் சத்தத்துக்காக அவள் எந்தப் பொய்யும் சொல்லத் தயாராக இருந்தாள்.

அதன் பிறகு அவளுக்கு இரட்டை வாழ்க்கை. கூடத்தில் சரியாக வீசினாள், வீட்டில் தப்பாக. தப்பாக வீசுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். சுண்டுவிரல் முந்திக்கொள்ளும், குதிகால் தானாக எழும்பும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் பாதத்தை விரித்து வைத்துத் தப்பைப் பழகினாள். ஒரே நாளில் எல்லாம் தப்பானால் சந்தேகம் வரும் என்று, ஒரு வாரம் கையைத் திருத்திக்கொண்டு காலைக் கெடுத்தாள். அடுத்த வாரம் காலைத் திருத்திக்கொண்டு கையைக் கெடுத்தாள்.

மார்ச்சில் இசாவோ சொன்னார்: "அந்த பிசியோதெரபிக்காரன்கிட்ட திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லு. உனக்கு நிலையைக் காட்டணும்னா எனக்கு ரெண்டு கால்ல நிக்க முடியணும்ல."

மினெகோ சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

ஏப்ரலில் அவர் கையில் வாள் பிடித்தார், அவளுக்குக் காட்டுவதற்காக. மே மாதம், விழுந்து ஒரு வருடமான அன்று, வீட்டைச் சுற்றி நடந்தார். ஆனால் கூடத்தின் பெயரை எடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடும். தெரு முனைக்கு யாராவது தெரிந்தவர் வந்தால் திரும்பி உள்ளே போய்விடுவார். மினெகோவுக்குப் பயம் விடவில்லை. கட்டிய கோட்டை முழுவதும் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. தன்னை ஏமாற்றி விளையாட்டுக் காட்டினாள் என்று தெரிந்தால் அந்த ரோஷக்காரர் என்ன செய்வார்? மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? இந்த முறை எழுப்ப அவளிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அயுமி நின்றாள். கையில் ஒரு காகிதம், முகமெல்லாம் சிரிப்பு.

மினெகோ அவளை வாசலிலேயே தடுக்கப் பார்த்தாள். "சென்செய், அவர் தூங்குறார், நாம வெளிய போய்..."

"நான் தூங்கல" என்றது உள்ளிருந்து குரல். "யாரு, அயுமியா? உள்ள வரச் சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட நாலு வார்த்தை கேக்கணும்."

ஏறக்குறைய ஒரு வருடமாக யாரையும் உள்ளே விடாத வீடு. அயுமி நம்ப முடியாமல் மினெகோவைப் பார்த்தாள். மினெகோவுக்குச் சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று புரியவில்லை.

இசாவோ தாழ்வான மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அயுமி பாயில் கைகளை ஊன்றித் தலை வணங்கினாள். நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, சளியா?" என்றார் இசாவோ.

"ஆமா, கோடைச் சளி."

"போஸ்ட் ஆபீஸ்ல ஏசியைக் குறைக்கச் சொல்லு. அதென்ன காகிதம்?"

மினெகோ பார்லி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "சென்செய், முதல்ல டீயைக் குடிங்க..." என்றாள். ஆனால் அயுமி வெள்ளை மனசுக்காரி. ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"தகுதித் தேர்வு விண்ணப்பம், இசாவோ-சான்! செப்டம்பர்ல மினெகோ-சான் போயே ஆகணும். புதுசா சேர்ந்தவங்கள்ல இவங்க பிடி மாதிரி யாருக்கும் இல்ல. ஜனவரியிலேயே இடது கை உக்காந்துடுச்சு! நிலையும் அப்படித்தான், குதிகாலைச் சொல்ல வேண்டிய வேலையே எனக்கு இல்ல. வீட்டுல நீங்க எவ்வளவு நல்லா சொல்லிக்கொடுத்திருந்தா..."

டீ கோப்பையில் நிறைந்து, தட்டில் நிறைந்து, மேசையில் ஓடியது. மினெகோ கவனிக்கவில்லை. காதில் ‘ஞொய்’ என்று ஒரு சத்தம். முடிந்தது, எல்லாம் முடிந்தது.

இசாவோ அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். வடக்கு அறைக்குப் போனார். மினெகோவுக்கு உயிரே போய்விட்டது. படுக்கத்தான் போகிறார்!

"என்னங்க... என்னைத் திட்டுங்க. அடிங்க. ஆனா போய்ப் படுத்துடாதீங்க. நான் வேற என்ன செய்வேன்? நான் நல்லா வீசின அன்னிக்கு நீங்க சுவரைப் பார்த்துட்டீங்க... நான் வேற என்ன செய்வேன்?"

அயுமி ஒன்றும் புரியாமல் விழித்தாள். உள்ளே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. இசாவோ திரும்பி வந்தார். அவர் கையில் மினெகோவின் கெண்டோ கையுறைகள், ஏப்ரலில் அவள் வாங்கிய புது ஜோடி.

"ஏன் கத்துறே? படுக்கப் போகல, இதை எடுக்கப் போனேன்." அவற்றை மேசையில் உள்ளங்கை மேலே தெரியத் திருப்பி வைத்தார். "அயுமி, இதைப் பாரு. யாரு கையுறைன்னு தெரியாதுன்னு வச்சுக்க. எப்படிப்பட்ட கை?"

அயுமி குனிந்து பார்த்தாள். இடது கையுறையில், சுண்டுவிரலுக்கு அடியில், தோல் தேய்ந்து பளபளத்தது. வலது உள்ளங்கை கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தது.

"நல்ல கை" என்றாள் அயுமி. "வலது பக்கம் பலமே போடாத கை."

"கேட்டியா?" என்று இசாவோ இப்போதுதான் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஜூன்ல மழை விடாம ஊத்துச்சு. கையுறையை நிழல்ல, காத்துப் படுற இடத்துலதான் காய வைக்கணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. இந்த வீட்டுல அப்படி இருக்கறது என் அறை ஜன்னல் ஒண்ணுதான். நீயே கொண்டு வந்து என் மூக்குக்கு நேரா தொங்கவிட்டுட்டுப் போனே. படுத்துட்டு வேற என்னத்தைப் பார்க்கிறது? வலது கையால கிண்டுறவளுக்கு வலது கையுறை இந்நேரம் ஓட்டை விழுந்திருக்கணும்."

மினெகோ வாயைப் பிளந்து நின்றாள்.

"அப்ப... ஜூன்லேருந்தே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தினமும் அந்தக் கத்துக் கத்தினீங்களா? நேத்துக்கூட என் குதிகாலை இஸ்திரிப் பெட்டின்னீங்களே!"

"நான் கத்தலேன்னா நீ நிறுத்திடுவியே." இசாவோ தரையைப் பார்த்தபடி சொன்னார். "முதல் நாள் கோபம்தான் வந்துச்சு. என்னை வச்சு விளையாடுறாளேன்னு. அன்னிக்குச் சாயங்காலம் எழுந்திருக்கக் கூடாதுன்னுதான் படுத்திருந்தேன். நாலு மணிக்கு நீ ஆரம்பிச்சே. நல்லா வீசத் தெரிஞ்சவ, மூச்சு வாங்க வாங்க, தப்புத் தப்பா வீசிட்டிருக்கே. யாருக்காக? எனக்காக. அதைக் கேட்டுட்டு எவன் படுத்திருப்பான்?"

மினெகோ பொத்தென்று பாயில் உட்கார்ந்தாள். பதினான்கு மாதமாக நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, சத்தம் போட்டு அழுதாள். பாரம் இறங்கிய அழுகை. அயுமியும் சேர்ந்து அழுதாள்.

"கோடைச் சளி ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்றார் இசாவோ. அவர் மூக்கும் சிவந்திருந்தது.

சிந்திய டீயை மினெகோ துடைத்தாள். வேறு டீ வந்தது. அயுமி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"இசாவோ-சான், கூடத்துக்கு எப்ப வர்றீங்க?"

மினெகோ ஈரத்துணியை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி வர்றது? இந்தக் கையைப் பாரு. ஒரு வாளிகூடத் தூக்காது."

"வாளியைத் தூக்க வேண்டாம். வாளைப் பிடிங்க. ஒரே ஒரு தடவை. நான் பார்க்கணும்."

அவர் தயங்கினார். பிறகு பலகைத்தரையில் போய் நின்று மினெகோவின் வாளை எடுத்தார். இடது கைச் சுண்டுவிரல் அடிமுனையைப் பற்றியது. வலது கை, பாவம், மேலே சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. இடது குதிகால் இலேசாக எழும்பியது. வலது பாதம் கொஞ்சம் நடுங்கியது. மெதுவாகத் தூக்கினார். இறக்கினார்.

‘ஹ்யுத்.’

அயுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க, இசாவோ-சான். நீங்க நல்லா இருந்தப்போ உங்க வீச்சு இப்படி இருந்ததில்ல."

இசாவோ அவளை முறைத்தார். அடுத்த கணம் அவர் தோள்கள் குலுங்கின. மினெகோ பதறிப்போய் எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மினெகோ, நான் ஆறாம் படித் தேர்வுக்கு மூணு தடவை போனேனே, மூணு தடவையும் ஏன் தோத்தேன்னு உன்கிட்டச் சொன்னதில்ல. வெக்கம். ‘கவாகுபோ-சான், வலது கை பலத்தை விடுங்க, வலது கை பலத்தை விடுங்க’ன்னு பெரியவங்க சொல்லிட்டே இருந்தாங்க. முப்பது வருஷமா பஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்ச கை, விடவே இல்ல. இப்பப் பாரு, எவ்வளவு மரியாதையா அடங்கிக் கிடக்குது!"

"அப்ப என் கையைத் திட்டினதெல்லாம்?"

"நம்ம வீட்டு வியாதிடி அது. எனக்கும் அதே இருந்ததாலதான் உன்னோட ‘புஸ்’ அவ்வளவு சுலபமாக் காதுல விழுந்துச்சு."

மினெகோ ஈரத்துணியை அவர் மேல் எறிந்தாள். அவர் இடது கையால் பிடித்தார்.

அயுமி புறப்பட்டபோது இசாவோ வாசல்படி வரை கூடவே வந்தார். அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒன்பது மணிக்குப் பயிற்சி" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"எட்டரைக்கு வர்றேன்."

"எதுக்கு அவ்வளவு சீக்கிரம்?"

"பயிற்சிக்கு முன்னால எல்லாரும் சேர்ந்து தரை துடைக்கணும்ல? ஒரு வருஷமா நான் துடைக்காத பங்கு பாக்கி இருக்கு. ஓடித் துடைக்க முடியாது, உக்காந்து துடைக்கிறேன். பல் டாக்டரை மட்டும் சிரிக்காம இருக்கச் சொல்லு."

"அவர் அழாம இருந்தாப் போதும்" என்றாள் அயுமி.

ஆழமாக ஒரு முறை தலை வணங்கினாள். சைக்கிளில் ஏறித் தெருமுனையில் திரும்பும்போது ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். மினெகோ சிரித்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினாள்.